சத்தம் நிற்கும்வரை

மே 5, திங்கள்

பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகளை எல்லாம் அனுப்பிவிட்டு மதாம் லெஃபோர் என்னை மட்டும் நிற்கச் சொன்னார். இயலினியின் வகுப்பு ஆசிரியை. கோபமாகப் பேசத் தெரியாத மனுஷி. அதனாலேயே அவர் கூப்பிட்டால் எனக்குப் பயம்.

விடுமுறை முடிந்து வந்த பிறகு இது மூன்றாவது தடவையாம். ஏழு வயதுப் பிள்ளை கழிப்பறைக்குத் தனியே போக மாட்டேன் என்கிறாளாம். காலை எட்டரையிலிருந்து மாலை நாலரை வரை அடக்கிக்கொண்டு இருக்கிறாள், முடியாத நாளில் வகுப்பில் கதிரையில் இருந்தபடியே போய்விடுகிறது. கூட்டாளிப் பிள்ளையை அனுப்பினாலும் சரிவராது, பெரிய ஆள் ஒருவர் கதவுக்கு வெளியே நிற்க வேண்டுமாம்.

"வீட்டில் எப்படி?" என்று கேட்டார்.

"வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. தானே போவாள்."

பிரெஞ்சில் பொய் சொல்வது எனக்குத் தமிழை விடச் சுலபமாக வருகிறது.

வந்து அவளுடைய காலுறைகளைத் தோய்த்துக் காயப்போட்டேன். பருப்பு முடிந்துவிட்டது, நாளைக்கு வாங்க வேண்டும். வீட்டில் அவள் போகும்போது நான் கதவைத் திறந்து வைத்து நிலையை ஒரு கையால் பிடித்தபடி நிற்பேன். அவள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். அதை யாருக்காவது சொல்ல வேண்டிய ஒரு விஷயமாக நான் நினைத்ததில்லை.

பையில் ஒரு கடிதமும் இருந்தது. 16ஆம் திகதி வகுப்பைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறார்கள். எண்பது வருடத்துக்கு முன் உலகப் போரில் கப்பல்களில் படைகள் வந்து இறங்கிய கரை. ஒரு மயானம், ஒரு அருங்காட்சியகம். துணைக்கு இரண்டு பெற்றோர் தேவை. இயலினி என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

மே 6

மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் இவருக்கு உணவகத்தில் இரண்டு மணித்தியாலம் ஓய்வு. வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுத்தபடி எல்லாம் கேட்டார்.

"நீர் வாசலில நிண்டு காவல் காத்தா, அவள் எப்பிடித் தனியப் போவாள்? உள்ளுக்க என்ன முதலையே கிடக்கு?"

"அவளுக்குப் பயம் எண்டுதானே நிக்கிறன்."

"அவளுக்கோ, உமக்கோ?"

நான் போய்க் காய்ந்த உடுப்புகளை மடித்தேன்.

இவர் யாழ்ப்பாணப் பக்கம், கரவெட்டி. 2006இலேயே பிரான்சுக்கு வந்துவிட்டார். 2009இல் வன்னிப் போரின் கடைசி மாதங்களை இவர் தொலைக்காட்சியில்தான் பார்த்தார், பார்த்துவிட்டு வேலைக்குப் போனார். அது இவர் பிழை இல்லை. எனக்கு மாறன் என்று ஒரு தம்பி இருந்தான், ஓடிய சனத்துக்குள் என் கையிலிருந்து தவறிவிட்டான் என்று இவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்தது அதுதான்.

போகும்போது சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அந்தக் கடக்கரைக்கு நீர் போக வேண்டாம். உந்தச் சண்டைக் காட்சியெல்லாம் உமக்கு எதுக்கு? நான் லீவு கேக்கிறன்."

"அவள் என்ர பேரைத்தான் குடுத்தவள்."

"அவள் கேட்டா நீர் நெருப்புக்கையும் போவீர்."

மே 8

இங்கே உலகப் போர் முடிந்த நாள், விடுமுறை. நகரசபைத் தலைவர் சதுக்கத்தில் நின்று, இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு சனம் சேர்ந்து, "பிரான்சுக்காக இறந்தார்" என்று சொல்லியது. இயலினியும் சொன்னாள். நல்ல உச்சரிப்பு.

இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டு இருக்க, அம்மா கிளிநொச்சியிலிருந்து தொலைபேசி எடுத்தா. பந்தலில் இருந்துதான். காணாமல் போன பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் நீதி கேட்டுத் தெருவோரம் இருக்கிற பந்தல். அம்மா எட்டு வருடமாகப் போகிறா.

"இண்டைக்கு எத்தினையாம் நாள் அம்மா?"

"அதை இப்ப பலகையில எழுதுறேல்ல பிள்ளை. ஆர் வாசிக்கினம்? மினிபஸ்காரன் மட்டும் ஹோன் அடிச்சிட்டுப் போறான்."

அம்மா வைத்திருப்பது பாலர் பாடசாலையில் எல்லோரையும் நிறுத்தி எடுத்த படம். மாறனை மட்டும் வெட்டிப் பெருப்பித்தது. பக்கத்துப் பிள்ளையின் காது ஒன்று அதில் இன்னும் இருக்கிறது.

"தெற்கில, சிங்களப் பக்கம் ஒரு இல்லத்தில தமிழ் மறந்துபோன பெடியள் கொஞ்சப்பேர் இருக்கினமாம். இருவது, இருவத்திரண்டு வயசு. மாறனுக்கும் இப்ப அவ்வளவுதானே?"

"ஓம் அம்மா."

"திரும்பத் திரும்பக் கேக்கிறன் எண்டு கோவியாத. கை தவறேக்க அவன் உன்ர எந்தக் கையில நிண்டவன்?"

"இடக் கையில."

"போன முறை வலக் கை எண்டனீ."

"அம்மா, பதினாறு வருசம்."

"ஓம், ஓம். சனமும் அப்பிடி. நினைவு நிக்குமே?"

காரணத்தையும் அம்மாவே எடுத்துத் தந்தா. சொதி திரைந்துவிட்டது. இவர் அதையே ஊற்றிச் சாப்பிட்டார்.

மே 11

இயலினி கழிப்பறைக்குள் போனதும் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று பார்த்தேன். பதினொன்று வரை எண்ணினேன். பிறகு திறந்துவிட்டேன். அவள் இன்னும் உட்காரக்கூட இல்லை.

மே 16, வெள்ளி

காலையில் பஸ் புறப்படும்போது இயலினி என் மடியில் சாய்ந்து, தன் கூட்டாளிகளுக்கு என்னைக் காட்டிக்கொண்டு வந்தாள். அவ்வளவு பெருமை. பஸ் ஏற முதல் அவளைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனேன். இடையில் நிறுத்திய இடத்திலும் கூட்டிப் போனேன்.

முதலில் மயானம். நான் யாழ்ப்பாணத்தில் புவியியல் படித்தவள். கரையையும் மேட்டையும் சரிவையும் முதலில் பார்ப்பேன், அது பழக்கம். நல்ல உயரமான கரை. அகலமான, ஈரமான மணல். எந்தப் பக்கமும் ஓட இடம் இருந்த கரை. வன்னியில் எங்களுடையது அப்படி இல்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்புத் தண்ணீர், நடுவில் ஒரு துண்டு மணல்.

கல்லறைகள் வரிசை வரிசையாக நின்றன. புல்லைக்கூட ஒரே உயரத்தில் வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கல்லைத் தெரிந்தெடுத்து, பெயர், வயது, திகதி மூன்றையும் தாளில் எழுத வேண்டும் என்பது வேலை. இயலினி நின்ற கல்லில் பெயர் இல்லை. கடவுளுக்குத் தெரிந்தவர் என்று மட்டும் வெட்டியிருந்தது.

"அம்மா, பேருக்கு என்ன எழுத?"

"விட்டுட்டு மற்றதை எழுது."

வயதும் இல்லை. திகதி இருந்தது. அவள் அதை அழகாக எழுதினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அருங்காட்சியகம். கண்ணாடிக்குள் தலைக்கவசங்கள், கடிதங்கள், சவர அலகு, வீட்டார் கொடுத்த குழந்தைச் சட்டை ஒன்று. எல்லாவற்றுக்கும் இலக்கம் போட்டு, யார் கொடுத்தது என்று எழுதியிருந்தது. நான் ஒவ்வொன்றையும் வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தேன். அதையும் எழுதி வைக்கிறேன், நன்றாகத்தான் இருந்தேன்.

கடைசியாகப் பங்கர். கொங்கிறீற்றில் கட்டியது, படி இறங்கிப் போக வேண்டும். வழிகாட்டிப் பெடியன், தாடிக்காரன், வாசலில் நின்று பிள்ளைகளுக்கு விளக்கினான்: உள்ளே விளக்கை அணைப்போம், குண்டு விழும் சத்தம் போடுவோம், நிலம் கொஞ்சம் நடுங்கும், எல்லாம் ஒலிப்பதிவுதான். பயந்தவர்கள் பச்சை விளக்கு எரிகிற கதவால் எந்த நேரமும் வெளியே போகலாம். கழிப்பறை கதவுக்கு நேரே இருக்கிறது.

எனக்கு முழுவதும் விளங்கியது. நான் தலையைக்கூட ஆட்டினேன்.

உள்ளே மண்மூட்டைகள் அடுக்கியிருந்தன. எல்லாம் ஒரே நிறச் சாக்கு. எங்களுடையவை சேலையில் தைத்தவை. அம்மாவின் கூறைச் சேலையில் மட்டும் நாலு மூட்டை வந்தது, சிவப்பு. இதை அந்த நேரம் நினைத்தேனா, இப்போதுதான் நினைக்கிறேனா தெரியவில்லை.

விளக்கு அணைந்தது. முதல் சத்தம் விழுந்தது. பிள்ளைகள் கீச்சிட்டுச் சிரித்தார்கள். நான் இயலினியை மூலைக்கு இழுத்து, குந்தி, அவள் தலையை என் நாடிக்குக் கீழே அமுக்கிக்கொண்டேன்.

"அம்மா, சலம் வருது."

"இரு."

"அம்மா, அந்தக் கதவால போவம்."

"வெளியில போகக் கூடாது. சத்தம் நிக்கட்டும்."

"சரியா வருது அம்மா."

"இரு எண்டுறன் எல்லே! சத்தம் நிக்கட்டும். நிண்டாப் பிறகு போகலாம்."

சத்தம் நின்றது. நான் விடவில்லை. நின்றவுடன் போகிறவர்கள் மேல்தான் அடுத்த குண்டு விழும். இது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். எண்ண வேண்டும், நூறு வரையாவது எண்ண வேண்டும். நான் எண்ணிக்கொண்டிருந்தபோது ஒலிப்பதிவு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிட்டது. அவள் என் கையைக் கடித்தாள். கடித்த பிறகும் விடவில்லை. பிறகு என் பாவாடை சூடாக நனைந்தது.

விளக்குப் போட்டபோது எங்களைத் தவிர எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு, "மூத்திரம் போயிட்டாள்!" என்று கத்தியது. இயலினி அழவில்லை. என்னைப் பார்த்தாள். இப்படி ஒரு பார்வையை இதற்கு முன் நான் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

மதாம் லெஃபோர் வகுப்பை மற்றத் தாயோடு கடற்கரைக்கு அனுப்பினார். தன் பையிலிருந்து ஒரு காற்சட்டை எடுத்துத் தந்தார். வெளியே வாங்குப் பலகையில் இருந்தபோது கேட்டார்:

"உங்களுக்கு அப்போது எத்தனை வயது?"

எப்போது என்று அவர் சொல்லவில்லை.

"பதினைந்து."

"தனியாகவா இருந்தீர்கள்?"

"இல்லை" என்றேன்.

மே 17

பாவாடையை இரண்டு தரம் தோய்த்தேன். வேறு ஒன்றும் இல்லை.

மே 18, ஞாயிறு

இன்றைக்கு எங்கள் நாள், வன்னியில் இறந்தவர்களை நினைக்கிற நாள். வருடா வருடம் போலக் கஞ்சி காய்ச்சினேன். அரிசி, தண்ணீர், உப்பு. அங்கே கடைசியில் வரிசையில் நின்று வாங்கியது அதுதான். இவர் வேலைக்குப் போகுமுன் நின்றபடியே குடித்துவிட்டு, கோப்பையை வைக்கும்போது என் தலையில் கையை வைத்து எடுத்தார்.

இயலினி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. கஞ்சியைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன் சீனி இல்லை?" என்றாள்.

நான் சொல்லத் தொடங்கினேன். இவ்வளவு காலமும் தொடக்கம் தெரியாமல்தான் இருந்தேன் போல. சீனியிலிருந்து தொடங்கலாம் என்று யார் நினைத்தது?

எனக்கு மாறன் என்று ஒரு தம்பி. ஆறு வயது. நாங்கள் மணலில் பங்கர் வெட்டி அதற்குள் இருந்தோம். அப்பா அதற்கு முதலே செல் குண்டு விழுந்து இறந்துவிட்டார். அம்மா கஞ்சி வாங்கப் போயிருந்தா. தம்பிக்குச் சலம் வந்தது. அதற்கென்று ஒரு பால்மாத் தகர ரின் வைத்திருந்தோம், அது நிரம்பிவிட்டது. அது நாறியது. இரண்டு நாளாக நித்திரை இல்லை, எனக்கு எரிச்சல். அவன், "அக்கா, சத்தம் நிக்கட்டும்" என்றான். நான், "நாறுதடா, வெளியில போயிட்டு ஓடி வா" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு போனான்.

இயலினி கரண்டியை வைத்துவிட்டாள்.

"அவர் சலம் போய் முடிச்சவரா?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

"ஓம். முடிச்சிட்டு ஓடி வந்தவன். வாசலுக்கு வந்திட்டான்."

"பிறகு?"

"பிறகு செல் விழுந்தது."

அவனை உள்ளே இழுத்துப் படுக்க வைத்து, மண்மூட்டைகளை நானே தள்ளி மூடினேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. சிவப்பு மூட்டைகளைக் கடைசியாகத் தள்ளினேன். இங்கே மட்டும் எழுதுகிறேன்.

கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு, கணக்குக்கு விடை தேடுவது போல மெல்லக் கேட்டாள்.

"இஞ்ச வெளியில செல் இல்லைத்தானே?"

"இல்லை."

"எங்கட வீட்டுக்குள்ள?"

"இல்லை."

"பள்ளிக்கூடத்தில?"

"இல்லைக் குஞ்சு."

இறங்கி நடந்து போனாள். கழிப்பறைக் கதவைச் சாத்தினாள். நான் குசினியில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ணவில்லை. எண்ணக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்டது. கை கழுவாமல் வந்தாள், திருப்பி அனுப்பினேன்.

படுக்கையில் கேட்டாள்: "அம்மம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அவ இன்னும் தேடுறாவா?"

மே 20

பள்ளியில் தனியே போனாளாம். மதாம் லெஃபோர் வாசலில் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். இயலினிக்கு வெட்கம். எனக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நெஞ்சு அடித்தது, சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

மே 22

அம்மாவுக்கு எடுத்தேன். கோயிலுக்குப் போயிருந்தா.

மே 23

எடுத்தேன். மழையாம், கோழிக்கூடு ஒழுகுதாம். கோழியைப் பற்றியே பேசி வைத்துவிட்டேன்.

மே 25, ஞாயிறு

இவர் பக்கத்தில் இருந்தார். முதல் நாள் இரவே இவருக்குச் சொல்லிவிட்டேன். "ஏன் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்ல" என்று கேட்பார் என்று இருந்தேன், கேட்கவில்லை. இன்றைக்கு மத்தியான வேலைக்கு ஆள் பிடித்துவிட்டு நின்றார்.

"அம்மா, மாறன் சனத்துக்க தவறேல்ல."

"என்ன பிள்ளை?"

சொன்னேன். ரின்னிலிருந்து மூட்டைகள் வரை. நான் சொன்னதால்தான் போனான் என்பதையும். அம்மா கஞ்சியோடு திரும்பி வந்தபோது பாதி வழிக்கு ஓடி வந்து மறித்து வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனேன், பங்கரைப் பார்த்தால் அம்மா அதை விட்டு வர மாட்டா, அடுத்த செல்லுக்கு அம்மாவும் போய்விடுவா என்று பயந்தேன், கை தவறிவிட்டது, சனத்தோடு போய்விட்டான் என்று வாயில் வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். முகாமுக்குப் போய்ச் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு அம்மா காணாமல் போனோர் விண்ணப்பம் நிரப்பினா. பிறகு படம் பெருப்பித்தா.

அந்தப் பக்கம் கோழி ஒன்று விடாமல் கொக்கரித்தது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அம்மா?"

"நிக்கிறன்."

"அம்மா, என்னை ஏசு."

"அண்டைக்கு எத்தினையாம் திகதி?"

தெரியாது. பங்கருக்குள் யாரிடம் கலண்டர் இருந்தது? இத்தனை நாளாக ஒவ்வொரு பக்கத்திலும் திகதி போட்டு எழுதுகிற எனக்கு அந்த ஒரு திகதி தெரியாது. தெரியாது என்று சொன்னேன்.

"நாங்கள் வெளிக்கிட்டு ஆமியிட்டப் போனது மே பதினேழு. அது முகாம் அட்டையில கிடக்கு. அதுக்கு முதல் எத்தினை இரவு தேடினனாங்கள்?"

"நாலு."

"நாலோ? ஓம், நாலு. அப்ப பதின்மூண்டு." அம்மா தனக்குள் முணுமுணுத்தா. "முதல் நாள் இரவு நான் அவன்ர பேரைக் கூப்பிட்டுக்கொண்டு களப்புப் பக்கம் போனனான். ஒரே இருட்டு. நிலவு பிந்தித்தான் வந்தது. கொஞ்சம் தேய்ஞ்ச நிலவு. சித்திராப் பறுவம் கழிஞ்சு... ஒண்டு, ரண்டு, மூண்டு..."

அன்றிரவு நானும் அம்மாவோடு நடந்தேன். நானும் அவன் பெயரைக் கூப்பிட்டேன்.

"அபரபக்கச் சதுர்த்தி" என்றா அம்மா. "சித்திரைத் தேய்பிறையில நாலாம் நாள். ஐயரிட்டக் கேட்டு உறுதிப்படுத்துவம். ஆனா அதுதான். இனித் திவசம் குடுக்கலாம் பிள்ளை. இவ்வளவு வருசமும் ஒருபிடி சோறு அவனுக்கெண்டு வைக்கேலாமப் போச்சு. உயிரோட இருக்கிற பிள்ளைக்கு வைக்கக்கூடாதெல்லே."

பிறகுதான் அம்மா அழுதா. கத்தவில்லை.  நான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இவர் என் முதுகில் கை வைத்திருந்தார். இயலினி வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

கடைசியில் அம்மா கேட்டா: "சலம் வந்ததெண்டே போனவன்?"

"ஓம் அம்மா."

"அவன் அடக்க மாட்டான். நான் நிண்டிருந்தாலும் போ எண்டுதான் சொல்லியிருப்பன்."

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா? அம்மா நின்றிருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பா.

ஜூன் 1, ஞாயிறு

ஒரு வாரமாக அம்மா எடுக்கவில்லை. நான் எடுத்தாலும், "பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிடுவா. இன்றைக்குக் காலை தானாக எடுத்தா. பின்னால் வாகனச் சத்தம்.

"எங்க அம்மா நிக்கிறாய்?"

"பந்தலில."

 நான் சொன்னதை அம்மா நம்பவில்லை என்று நினைத்தேன். மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமோ என்று நினைத்தேன்.

"அம்மா, நான் சொன்னனான் எல்லே..."

"விளங்கினது பிள்ளை. மாறன்ர படத்தைச் சாமியறையில வச்சு விளக்குக் கொளுத்திப்போட்டுத்தான் வந்தனான். எங்களோட இருக்கிற கமலாக்கான்ர மகனை ஆமியிட்டக் கையளிச்சது. அவ கையால குடுத்தவ. அவன் வரவேணும்தானே? எட்டு வருசம் பக்கத்தில இருந்துபோட்டு, என்ர கணக்கு முடிஞ்சுது எண்டு நான் வீட்டை இருக்கிறதே?"

"வெறுங்கையோடயே இருக்கிறாய்?"

"சீ. கமலாக்காக்கு இடுப்பு உளைவு, ஆசுப்பத்திரிக்குப் போயிட்டா. பெடியன்ர படத்தை என்னட்டத் தந்திட்டுத்தான் போனவ. மடியில வச்சிருக்கிறன். வெயில் படுது, போனை வை பிள்ளை, ஒருக்கா மற்றப் பக்கம் திருப்பி வைக்க வேணும்."